நிக்கல் ஒட்டாத கத்தி

ஜனவரி 9

செல்ல மகள் சுண்டெலிக்குப் பெரியப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நடமாடிக்கிட்டு இருக்கோம். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி போகவே மாட்டேங்குது, வாய் வலி மட்டும் வரவே மாட்டேங்குது. உங்க அப்பன் லாரியோட வடக்கே போயிருக்கான், வர பதினைஞ்சு நாள் ஆகும். உன் சளி விட்டுச்சா?

விஷயத்துக்கு வரேன். நம்ம பள்ளிக்கூடத்துக்கு நூறு வருஷம் ஆகுது, மலர் போடறாங்க. அதுல ‘ஊரைப் பற்றிய சுவையான செய்திகள்’னு ஒரு பகுதி. எழுதறது யாருன்னா, வக்கீல் குமாஸ்தா. அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒரு நீதிபதி கையால குடுத்தார்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவானே, அவனேதான். அவன் எழுதியிருக்கறதை அப்படியே தரேன்: ‘வேட்டை முகாமில் சமையல்காரராக இருந்த ஒருவர் அதிகாரியின் கத்தியைத் திருடி வேலையிழந்தார். அக்கத்தி இன்றும் அவர் மகன் வீட்டில் உள்ளது.’

சுவையாம்!

உனக்குத் தெரியாததா? கத்தியைக் காணோம்னு பழி போட்டு உங்க தாத்தாவை விரட்டினாங்க. அடுத்த வருஷமே முகாமையும் கலைச்சுட்டாங்க. பன்னிரண்டு வருஷம் கழிச்சு அந்த அதிகாரி தன் பழைய பெட்டிக்குள்ளயே கத்தியைக் கண்டெடுத்து, வெட்கப்பட்டு, அதே கத்தியைத் தபால்ல உங்க தாத்தாவுக்கே அனுப்பிட்டார். அப்போ எனக்குப் பத்து வயசு.

“ஆதாரம் கொண்டு வா, வரியை எடுக்கறேன்”ங்கறான் குமாஸ்தா. மே முதல் வாரம் அச்சுக்குப் போகுது. நீ மியூசியத்துல இருக்கே. கத்தி பழசு, அசல்னு முத்திரை போட்ட தாள்ல ரெண்டே வரி எழுதி அனுப்பு. போன்ல சொல்லாதே. எனக்குக் காதும் கேட்காது, குமாஸ்தாவுக்குக் காகிதம்தான் வேணும்.

கத்தியை நம்ம கடையில பாலிஷ் போடற பஃப் சக்கரத்துல ஒரு ஓட்டு ஓட்டி வச்சிருக்கேன். கண்ணாடி தோத்துது போ.

உடம்பைப் பார்த்துக்கோ. நேரத்துக்குச் சாப்பிடு.
பெரியப்பா

ஜனவரி 17

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சளி விட்டது, இருமல் தங்கிவிட்டது. பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் இங்கே அதிகாரி இல்லை. பதிவேட்டு உதவியாளர். சன்னல் இல்லாத கீழ்த்தள அறையில் உட்கார்ந்து, வருகிற பொருளுக்கெல்லாம் எண் எழுதுகிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் மேடத்திடம் இந்தப் பதினொரு மாதத்தில் நான் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி “சரி மேடம்”. பொருளைப் பார்க்காமல் ரெண்டு வரி எழுதுவது இங்கே நடக்காது.

ஆனால் பார்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்கிறேன். அதற்கு முன் நீங்கள் மூன்று வேலை செய்ய வேண்டும். அலகின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அலகின் அடியில் செய்தவர்களின் முத்திரை இருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து அந்தத் தாளை அனுப்புங்கள். மூன்றாவது, இத்துடன் இருக்கும் பதிவு அட்டையை நிரப்புங்கள். நாலே கட்டம்தான்: பொருள், அளவு, எப்போது செய்தது, எப்படி வந்தது.

இன்னொன்று. தயவுசெய்து இனிமேல் துடைக்காதீர்கள். பாலிஷ் கடைக்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். கறை, துரு, கீறல் இவற்றை வைத்துத்தான் நாங்கள் வயதைச் சொல்கிறோம். நீங்கள் சக்கரத்தில் பிடித்தபோது அதில் பாதி போயிருக்கும். மிச்சப் பாதியையாவது விட்டுவையுங்கள்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
சுண்டெலி

ஜனவரி 28

சுண்டெலிக்கு,

தைலம் வந்துச்சு. முழங்காலுக்குப் போட்டுட்டு அந்தக் கையோட பெரியம்மா கண்ணைக் கசக்கிட்டா. மூணு நாளா உன்னைத்தான் திட்டறா.

நீ கேட்டபடி அளவு எழுதியிருக்கேன். முத்திரைதான் மங்கலா இருந்துச்சு. பக்கத்துக் கடையில பாத்திரத்துல பேர் வெட்டறவர் இருக்காரே, அவர்கிட்ட குடுத்து எழுத்தை ஆழமா வெட்டச் சொன்னேன். இப்போ பத்தடி தூரத்துல நின்னு படிக்கலாம். முத்திரையில இருக்கற மான் தலைக்குக் கொம்பு ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு, அதையும் சேர்த்துட்டார். நல்ல மனுஷன்.

துடைக்காதேன்னு எழுதியிருந்தே. சக்கரத்துல பிடிக்கல. வெறும் துணியாலதான். தூசியோட எப்படிம்மா மியூசியத்துக்கு அனுப்பறது? உங்க மேடம் என்ன நினைப்பாங்க, நல்ல குடும்பம்னு நினைப்பாங்களா?

கைப்பிடியைப் பத்தி நீ கேட்கவே இல்ல. அதுதான் அதுல அழகே. அசல் மான் கொம்பு. ரெண்டு பக்கமும் ரேகை அச்சு அசலா ஒரே மாதிரி ஓடும், ஒரு புள்ளிகூட மாறாது. அந்தக் காலத்து வேலைன்னா வேலை.

அட்டையில முதல் மூணு கட்டம் நிரப்பியாச்சு. கடைசிக் கட்டத்துல இடம் பத்தல, கதை பெருசு. அதனால விட்டுட்டேன்.

நேத்து குமாஸ்தாவைக் கடைத்தெருவுல பார்த்தேன். “என்ன, காகிதம் வந்துச்சா?”ங்கறான். “வரும், வந்தா உன் பேனாவை ஒடிச்சுப் போட்டுட்டுப் போ”ன்னேன். பெரியம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

சீக்கிரம் எழுது.
பெரியப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தைலம் போட்ட கையைக் கழுவச் சொல்லி எழுத மறந்தது என் தப்பு.

முத்திரையை வெட்டியது உங்கள் தப்பு.

கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மேஜையில் தலையைச் சாய்த்தேன். எதிர் மேஜைக்காரர், “வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “மானுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முத்திரை எங்கள் புத்தகங்களில் இருந்திருந்தால் எந்தப் பட்டறை, எந்தப் பத்தாண்டு என்று ஒரே நாளில் சொல்லியிருக்கலாம். இப்போது பாத்திரக் கடைக்காரர் வெட்டிய மானைத்தான் தேட வேண்டும். ஒரு கொம்போடு இருந்தது என்றீர்கள். அது பழையபடி எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து வரைந்து அனுப்ப முடியுமா?

கைப்பிடியின் இரண்டு பக்கமும் ரேகை ஒன்றுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா? வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

இல்லை, எதுவும் பார்க்க வேண்டாம். கத்தியை அப்படியே பழைய பருத்தித் துணியில் சுற்றி அனுப்பிவிடுங்கள். மேடத்திடம் கேட்டுவிட்டேன். முழுசாக ஐந்து வாக்கியம் பேசினேன். “கொண்டு வா, பார்ப்போம்” என்றார்.

துணியில் சுற்றுவதற்கு முன் தொடாதீர்கள். துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், யாரிடமும் கொடுத்து வெட்டாதீர்கள். வேறு ஏதாவது வினைச்சொல்லை நான் விட்டிருந்தால் அதையும் செய்யாதீர்கள்.

புது அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தை நிரப்புங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதலாம்.

அப்பா வந்துவிட்டாரா?
சுண்டெலி

பிப்ரவரி 20

சுண்டெலிக்கு,

உங்க அப்பன் வந்தான், ரெண்டு நாள் தூங்கினான், மறுபடி போயிட்டான். நீ மெலிஞ்சு போயிட்டியான்னு கேட்டான். எனக்கென்ன தெரியும், நீயே எழுதிச் சொல்லு.

பார்சல் இன்னிக்கு அனுப்பிட்டேன். நீ தொடாதேன்னு எழுதினே. சத்தியமா தொடல. கொக்கியில மாட்டி நிக்கல் தொட்டியிலதான் இறக்கினேன்.

திட்டாதே, முழுசாப் படி. பெரிய இடத்துக்குப் போகுது, ஒரு கோட் நிக்கல் போட்டா கவுரவமா இருக்குமேன்னு தோணுச்சு. நாப்பது வருஷமா ஊர்ச் சாமானுக்கெல்லாம் முலாம் போடறேன், எங்க அப்பா சாமானுக்குப் போடக் கூடாதா?

ஆனா முதல் கோட் ஒட்டல. நகத்தால தட்டினா பொரிஞ்சு வருது. ஆசிட் தொட்டியில போட்டுக் கழுவி மறுபடி இறக்கினேன். மேலே ஏறுச்சு. வெளியில எடுத்து ஆறினதும் பார்த்தா நுனியில மறுபடி

சரி விடு. அனுப்பிட்டேன்.

அட்டையைக் காணோம். எங்கேயோ வச்சுட்டேன்.
பெரியப்பா

மார்ச் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் மெலியவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் ரெண்டு மாதம் நீடித்தால் உத்தரவாதம் இல்லை.

பார்சல் வந்தது. திறந்தபோது முதலில் என் மூக்குத்தான் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. வருகிற வழியிலேயே நுனியிலிருந்து நிக்கல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்திருந்தது. மேடம் கையுறையோடு எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“யாரும்மா இதைப் பண்ணது?”

“எங்க பெரியப்பா, மேடம்.”

“அவருக்கு இந்தக் கத்தி மேல ஏதாவது பகையா?”

“இல்ல மேடம். ரொம்பப் பிரியம்.”

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருப்பேன். அன்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பார்க்க நாளாகும். முடிந்ததும் எழுதுகிறேன்.

பெரியம்மா கண் எப்படி இருக்கிறது?
சுண்டெலி

மார்ச் 12

சுண்டெலிக்கு,

பெரியம்மா கண் சரியாயிடுச்சு. மழை பேஞ்சு கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சு, இறைச்சுக்கிட்டே இருக்கோம்.

கத்தியைத் திருப்பி அனுப்பிடும்மா. அறிக்கை கிறிக்கை எதுவும் வேண்டாம். யோசிச்சுப் பார்த்தேன், யார் மலரைப் படிக்கப் போறாங்க? குமாஸ்தா எழுதினா எழுதிட்டுப் போகட்டும். உனக்கும் ஆபீஸ்ல கெட்ட பேர் வேண்டாம். உங்க மேடம் வேலையுள்ளவங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணாதே.

உடனே அனுப்பு.
பெரியப்பா

ஏப்ரல் 1

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கடைக்குள் வந்த தண்ணீர் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். பஃப் சக்கர மோட்டாரைத் துடைத்துக் காயவைக்கும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். அதை மட்டும் தாராளமாகத் துடைக்கலாம்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஜனவரியில் ‘உடனே அறிக்கை அனுப்பு’. மார்ச்சில் ‘உடனே கத்தியை அனுப்பு’. நடுவில் நான் நூலகத்தில் பதினாறு முத்திரைப் புத்தகங்களைப் புரட்டினேன். வாயைத் திறக்காத நான் மேடத்திடம் போய் நின்று வாதாடினேன். எல்லாம் எதற்கு?

கைப்பிடி மான் கொம்பு இல்லை. நீங்கள் முதலில் எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கொம்புத் துண்டில் ரேகை ஒன்றுபோல ஓடாது. ஒரே அச்சில் வார்த்தால்தான் ஓடும். அதை அப்போதே சொல்லாமல் ‘நன்றாகப் பாருங்கள்’ என்று மழுப்பி எழுதியது நான்தான். ஊசியைச் சூடாக்கி, வெளியே தெரியாத ஓரத்தில் மேடம் தொட்டுப் பார்த்தார். கொம்பு என்றால் முடி கருகும் வாடை வரும். பிளாஸ்டிக் வாடைதான் வந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக் முகாம் கலைந்து எட்டு வருஷம் கழித்துத்தான் செய்யவே ஆரம்பித்தார்கள். ஆகவே இது அதிகாரியின் கத்தி இல்லை. முகாமில் இருந்திருக்கவே முடியாது.

யோசித்துப் பாருங்கள், பெரியப்பா. கத்தி நீங்கள் சொன்னதுபோல் அசலாக இருந்திருந்தால், ‘திருடிய கத்தி இதோ’ என்று குமாஸ்தா இன்னும் நாலு வரி சேர்த்திருப்பார். இது அந்தக் கத்தி இல்லை என்பதால்தான் தாத்தா இதைத் திருடியிருக்க முடியாது என்று ஆகிறது. ஆனால் அதே காரணத்தால், அதிகாரி வெட்கப்பட்டு அனுப்பினார் என்று தாத்தா சொன்னதும் இல்லை என்று ஆகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. எவ்வளவோ பார்த்துவிட்டேன், முடியவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்தக் காலத்து வேட்டைக் கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்கிற சாதா எஃகு, இந்த அலகோ எவர்சில்வர். எவர்சில்வரில் நிக்கல் அப்படிப் போட்டால் ஒட்டாது என்று எனக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நாற்பது வருஷமாக முலாம் போடுகிற உங்களுக்கு, அது பொரிந்த அன்றே தெரிந்திருக்கும். அதனால்தானே கடிதத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள்?

‘யார் படிக்கப் போகிறார்கள்’ என்று எழுதினீர்கள். பள்ளிக்கூடத்தில் யாருடைய பேனாவாவது காணாமல் போனால் மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பும். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சும்மா திரும்புவார்கள். நான் அப்போதே என் பையைத் திறந்து காட்டிவிடுவேன். இதை வீட்டில் சொன்னதில்லை. அந்த வகுப்பில் இப்போது யாருடைய பிள்ளைகளோ படிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அந்த மலரைக் கொடுப்பார்கள்.

அறிக்கை இத்துடன் இருக்கிறது. “நீதானே பார்த்தே, நீயே எழுது” என்றார் மேடம். எங்கள் வீட்டுப் பொருள் என்பதால் அவரும் தனியாகச் சோதித்துக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் பெயருக்கு மேலே இருப்பது என் கையெழுத்து. கத்தியும் தனிப் பார்சலில் வருகிறது. புது அட்டையும் வைத்திருக்கிறேன், மூன்றாவது.

காட்டுவதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம்.
சுண்டெலி

ஏப்ரல் 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பதில் இல்லை. பார்சல் வந்து சேர்ந்ததற்கு உங்கள் கையெழுத்து மட்டும் இங்கே வந்திருக்கிறது. கடைக்குப் போன் செய்தேன். பெரியம்மா எடுத்து, “இருக்கார், சாப்பிடறார், பேசத்தான் மாட்டேங்கறார்” என்றார்.

நான் அதிகமாக எழுதிவிட்டேன் என்றால் திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.
சுண்டெலி

மே 3

செல்ல மகள் சுண்டெலிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். மோட்டாரும் ஓடுது. நீ சொன்ன மாதிரி காயவச்சுத்தான் போட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில வச்சுப் படிச்சேன். கடைசிப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படிச்சேன். பையைத் திறந்து காட்டினேன்னு எழுதியிருக்கியே, அந்த இடம். அன்னிக்கு மத்தியானமே கடையைச் சாத்திட்டேன்.

நீ கேட்டதுக்குப் பதில், ஆமா. அது பொரிஞ்ச அன்னிக்கே தெரிஞ்சுது. நிஜத்தைச் சொன்னா அதுக்கும் முன்னாடியே தெரியும். உங்க தாத்தா ஒரு நாள் பெரிய ஊருக்குப் போயிட்டு வந்து, தபால்ல வந்துச்சுன்னு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். சுத்தி வந்த காகிதம் நல்ல தடிமன். நான் அதைக் கணக்கு நோட்டுக்கு அட்டையாப் போட்டுக்கிட்டேன். அதுல தபால் தலையும் இல்ல, முத்திரையும் இல்ல. ஒரு இரும்புச் சாமான் கடை பேர்தான் அச்சடிச்சிருந்துச்சு. வருஷம் முழுக்க அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டே கணக்குப் போட்டேன். ஒரு வார்த்தை கேட்கல. அவர் அந்தக் கத்தியை வர்றவங்ககிட்டயெல்லாம் எடுத்துக் காட்டறப்ப அவர் முகத்தை நீ பார்த்திருந்தா நீயும் கேட்டிருக்க மாட்டே. பிறகு அம்பது வருஷம் அந்தக் காகிதம் ஞாபகத்துக்கு வராமப் பார்த்துக்கிட்டேன். நீ படிச்சவ, நீ பார்த்தா வேற மாதிரி ஏதாவது வராதான்னு ஒரு நப்பாசை.

நேத்து அச்சகத்துக்குப் போனேன். பெரியம்மாவும் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வந்தா. உள்ளே குமாஸ்தா, அச்சகக்காரர், ரெண்டு வாத்தியார். உன் அறிக்கையைக் குமாஸ்தா ரெண்டு தடவை படிச்சான்.

“அப்போ இது அதிகாரியோட கத்தி இல்ல?”

“இல்ல.”

“அப்போ அதிகாரி மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்னு உங்க அப்பா ஊரெல்லாம் சொன்னாரே, அது?”

எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நீ எழுதினியே, சும்மா திரும்பிப் பார்க்கறது, அதேதான்.

“பொய்”னு சொன்னேன். “எங்க அப்பா பொய் சொன்னார். திருடல. திருடன், பொய்யன், ரெண்டுல எது உண்மையோ அதைப் போடு.”

குமாஸ்தா பேனாவைத் திறந்து, “இதுவும் சுவையாத்தான் இருக்கு. ‘கடைக் கத்தியைக் காட்டி ஊரை ஏமாத்தினவர்’னு மாத்திடலாம்” அப்படின்னான்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெரியம்மா முன்னாடி வந்துட்டா. “தாராளமாப் போடுங்க. உங்க வீட்டுச் சுவர்ல ஒரு கடிகாரம் இருக்கே, நீதிபதி குடுத்தது. அதைக் கழட்டிக் குடுங்க, எங்க பொண்ணுக்குப் பார்சல் பண்றோம். அவ ஊசி வச்சுப் பார்த்து எந்த வருஷம், எந்தக் கடைன்னு எழுதி அனுப்புவா. ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டுடலாம்.”

வாத்தியார் ஒருத்தர் இருமற மாதிரி சிரிச்சார். குமாஸ்தா அந்த ரெண்டு வரிக்கும் குறுக்கே கோடு போட்டான். அந்த இடத்துல பள்ளிக்கூடக் கிணறு வெட்டின கதை வருதாம்.

ஆக, மலர்ல உங்க தாத்தா இல்ல. திருடனாவும் இல்ல, வேற எதுவாவும் இல்ல. வர்ற வழியெல்லாம் பெரியம்மா குமாஸ்தாவைத் திட்டிக்கிட்டே வந்தா.

கத்தியை உனக்கே அனுப்பறேன். மியூசியத்துக்கு இல்ல, உனக்கு. மேஜை மேல வச்சுக்கோ. யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லு.

அட்டையையும் நிரப்பிட்டேன். பொருள்: கத்தி. அளவு: அறிக்கையில நீ அளந்து போட்டிருக்கறதையே எழுதிட்டேன், உன்னோடது சரியா இருக்கும். எப்போது செய்தது: முகாம் கலைந்த பிறகு. எப்படி வந்தது: கடையில் வாங்கியது.

அதுக்குக் கீழே ஸ்கேல் வச்சு நானே ஒரு கட்டம் போட்டிருக்கேன். உங்க அட்டையில அது இல்ல. ‘ஏன் வாங்கினார்’னு தலைப்பு. உங்க மேடம் ஒத்துக்காட்டி அடிச்சுடட்டும். அதுல எழுதியிருக்கறது:

மன்னிப்புக் கேட்க யாரும் வராததால்.

நேரத்துக்குச் சாப்பிடு. உங்க அப்பன் அடுத்த வாரம் உன் ஊர்ப் பக்கம் வரான், பார்த்துக்கோ.

பெரியப்பா

பின்குறிப்பு: கத்தியைத் துடைக்கல. பெரியம்மா துணியை எடுத்துக்கிட்டு வந்தா, கையைத் தட்டி விட்டுட்டேன்.